கடப்பிதழ் வேண்டாத பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். இந்த முறை எங்கே போவது? வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்பேச்சு நடந்துகொண்டிருக்கும் என்றே நம்புகிறேன். முன்பெல்லாம் அத்தை வீடு, மாமா வீடு என்று முடிந்துவிடும். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ஒருநாள் போய், ஒரு படம் பார்த்து, மீ கோரிங் சாப்பிட்டுத் திரும்பினால் அதையே பிள்ளைகள் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது அப்படியில்லை. உறவினர் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பனிமலையைக் காட்டுகிறார்கள். ஈபெல் கோபுரத்தின் கீழே நின்று சிரிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்ட நம் பிள்ளை இரவெல்லாம் புரண்டு படுக்கிறது.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கடல் கடந்து போக வசதியில்லாதவர்களுக்கென்று தனியாக ஒரு சரக்கு வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சுவிட்சர்லாந்து, நம் நாட்டு இங்கிலாந்து, நம் நாட்டுப் பிரான்சு! பகாங் புக்கிட் திங்கியில் பிரான்சு நாட்டுக் கோல்மார் நகரத்தைப் பார்த்து ஒரு கிராமத்தையே எழுப்பியிருக்கிறார்கள். படம் பிடித்துக்கொள்ள அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளில் எந்தத் தலைமுறையும் பிறந்து வளர்ந்ததில்லை. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தை நம் நாட்டுப் பைசா என்கிறார்கள். 1885-இல் கட்டிய அந்தக் கோபுரம் எதையும் பார்த்துச் சாயவில்லை. உள்ளே இருந்த தண்ணீரின் பாரமும் அடியிலிருந்த இளக்கமான மண்ணும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. கேமரன் மலையில் இங்கிலாந்துக் குளிரைத் தேடிப்போனவர்கள் துரைமார்கள். 1929-க்குப் பிறகு அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனவர்கள் நம்மவர்கள். இதையும் விளம்பரத்தில் போட்டால் நன்றாக இருக்கும்.

சென்ற விடுமுறைக்கு முன்னால் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் பள்ளிக்கு வந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார். சுற்றி வளைக்காமல், "டீச்சர், சுவிட்சர்லாந்துக்குப் போய்வர எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். தீபாவளிக்கு வந்த கோலாலம்பூர் உறவுக்காரப் பிள்ளைகள் பனியில் விளையாடிய படங்களைக் காட்டியதிலிருந்து இவர் மகள் சரியாகப் பேசுவதில்லையாம். கழுத்துச் சங்கிலி மூன்று பவுன். அடகு வைத்தால் முன்பணத்துக்காவது ஆகுமா என்பதுதான் கேள்வி. ஆகாது என்றேன். ஆனாலும் அதை மீட்க எத்தனை ஆண்டு ஆகும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கணக்கைப் பார்த்ததும் அவரே சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டார்.

"பினாங்குக்கு வாருங்கள், மூன்று நாள். நானும் வருகிறேன்" என்றேன். அவர் முகம் சப்பென்று போய்விட்டது. நாங்கள் இருப்பது கெடாவில், சுங்கைப்பட்டாணிக்கு அப்பால். எங்களுக்குப் பினாங்கு என்பது பெரிய மருத்துவமனைக்குப் போகிற ஊர். துணி எடுக்கப் போகிற ஊர். விடுமுறைக்குப் போகிற ஊரா அது?

கடைசியில் ஐந்து பேர் கிளம்பினோம். அந்தத் தாய், மகள், மகன், நான், வீட்டுப் பாட்டி. பாட்டிக்கு வயது 77. கால் மூட்டில் வலி. அவரை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் பேச்சு. அவரோ முந்தின நாளே பையை எடுத்து வைத்துவிட்டார். பைக்குள் சேலைக்கு நடுவில் மஞ்சள் துணியில் கட்டிய ஒரு முடிப்பு இருந்தது. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து ஃபெர்ரி. நம் இளமையில் பார்த்த, காரையும் லாரியையும் வயிற்றில் சுமந்த அந்தப் பழைய ஃபெர்ரிகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது ஓடுவன 2023-இல் வந்த புதியவை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். ஏறியதும் சிறுமியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போடச் சொன்னேன். இடத்தின் பெயர், எந்த நாட்டைப் போல் இருக்கிறது, யார் கட்டியது. ஆசிரியத் தொழில் விடுமுறையிலும் விடாது என்று அவள் தாயார் சிரித்தார்.

படகுத்துறையிலிருந்து சற்று நடந்தால் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு. "லண்டன்" என்று சிறுமி உடனே எழுதினாள். யார் கட்டியது? மகாராணியின் அறுபதாம் ஆண்டு ஆட்சிவிழாவுக்காக 1897-இல் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தம் பணத்தில் எழுப்பத் தொடங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக உயரம் 60 அடி. இரண்டாம் உலகப்போரில் அருகில் விழுந்த குண்டினால் அதுவும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. தம்பிக்காரன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் "பைசாவும்தான்" என்று அக்காளை எழுதவைத்தான்.

அங்கிருந்து கார்ன்வாலிஸ் கோட்டை, பிறகு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இந்தத் தேவாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வெள்ளை வெளேரென்று, முன்புறம் பருத்த தூண்களோடு, கிரேக்க நாட்டுப் படங்களில் வருவதுபோல் நிற்கும். கட்டி முடித்தது 1818-இல். ஆனால் இது நேரே கிரேக்கத்தைப் பார்த்துக் கட்டியதன்று. சென்னையில் 1815-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைப் பின்பற்றியது. சென்னைக்குப் போய்வந்தவர்களுக்குக் கதீட்ரல் சாலை தெரிந்திருக்கும். அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த கோயில்தான் அது. ஆக, சிறுமியின் நோட்டில் "கிரேக்கம்" என்று எழுதியதை அடித்துச் "சென்னை" என்று எழுதினோம். கூரையையும் முதலில் சென்னைப் பாணியில் தட்டையாகத்தான் போட்டார்கள். பினாங்கு மழை அதை ஒத்துக்கொள்ளவில்லை. 1864-இல் சரிவுக் கூரையாக மாற்றிவிட்டார்கள். அச்சு வேறு, ஊர் வேறு என்பதை அந்த மழை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

மூன்றாவது கோட்டில் என்ன எழுதுவது? வரைபடம் போட்டவர் இராபர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலப் படைத்தலைவர். கல்லையும் சுண்ணாம்பையும் சுமந்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். அக்காலத்தில் பினாங்குத் தீவு கைதிகளைக் கொண்டுவந்து விடுகிற இடமாகவும் இருந்தது. இந்த ஊரின் பழைய சாலைகள் பல அவர்கள் போட்டவை. கைதி என்றதும் எல்லாரும் திருடர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மருது சகோதரர்களோடு சேர்ந்து வெள்ளையரை எதிர்த்தார்கள் என்பதற்காக 1802-இல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எழுபதுக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். பதினைந்து வயதுப் பையன். "என் அண்ணன் வயசு" என்றாள் சிறுமி. அவள் பெரியப்பா மகனுக்கு அந்த வயதுதான். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் எழுதாமல் இருந்தாள்.

மறுநாள் கொடிமலை. சுவிட்சர்லாந்து கேட்ட பிள்ளைக்கு இதைத்தான் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்று நான் முதலிலேயே முடிவு செய்திருந்தேன். மலையின் உச்சி 833 மீட்டர். கப்பல் வரவைக் கொடியேற்றித் தெரிவித்ததால் கொடிமலை என்று பெயர். பிரான்சிஸ் லைட் இங்கே ஸ்ட்ராபெரி பயிரிடப் பாதை வெட்டினாராம். பிறகு துரைமார்கள் குளிருக்காகப் பங்களா கட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஏறவில்லை, டோலியில் உட்கார்ந்துகொண்டார்கள், கூலியாட்கள் சுமந்து ஏறினார்கள். ரயில் போடும் முதல் முயற்சி 1906-இல் தோற்றுப்போயிற்று. அதன்பிறகு ஜான்சன் என்ற ரயில்வே பொறியாளரைச் சுவிட்சர்லாந்துக்கே அனுப்பி, அங்கே மலைமேல் வண்டியைக் கம்பிவடம் கட்டி இழுக்கும் முறையைப் படித்துவரச் செய்தார்கள். 1924 ஜனவரி 1-ஆம் தேதி ஆளுநர் முறைப்படி திறந்துவைத்தார். எனவே இந்த வண்டி சுவிட்சர்லாந்தைப் போல என்று சொல்வது விளம்பரப் பேச்சு இல்லை. உண்மையாகவே அங்கே கற்றுக்கொண்டு வந்த வித்தைதான். முன்பு பாதிவழியில் இறங்கி வேறு வண்டி மாறவேண்டும். 2011-இல் வந்த புதிய வண்டி ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய் விடுகிறது.

வண்டி செங்குத்தாக ஏறிக் குகைக்குள் நுழைந்தபோது இரண்டு பிள்ளைகளும் கத்திய கத்தலைக் கேட்டிருக்க வேண்டும்! பாட்டி மட்டும் அமைதியாக இருந்தார். "பழனியிலேயும் இப்படி ஒரு இழுவை வண்டி இருக்காம்" என்றார். போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டது. மேலே பனி இல்லை. சில பாகை குளிர்ச்சிதான். ஆனால் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் அது கிடைக்குமா என்று தாயார் கேட்டார். நல்ல கேள்வி.

இறங்கி வந்து ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில். 1930-இல் முடிந்த ஏழு நிலைக் கோபுரத்தின் அடிப்பகுதி சீனம், நடுப்பகுதி சயாம், முடி பர்மா. மூன்று நாடும் ஒரே கோபுரத்தில்! சிறுமியின் நோட்டில் ஒரே வரியில் மூன்று நாட்டுப் பெயர். புலாவ் திக்குஸில் சயாம் கோயிலும் பர்மா கோயிலும் எதிரெதிரே இருக்கின்றன. சயாம் கோயிலில் படுத்த நிலையில் உள்ள புத்தர் 33 மீட்டர் நீளம். நேரமில்லாமல் அங்கே கால்மணிதான் நின்றோம்.

இதுவரை சொன்னவையெல்லாம் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். எழுதவேண்டும் என்று நான் உட்கார்ந்தது வேறொன்றுக்காக. வெளிநாடு என்றதும் நமக்குப் பனிமலையும் பாரிசும் நினைவுக்கு வருகின்றன. நம் பாட்டன் பாட்டிகளுக்கு அப்படியில்லை. ரப்பர்க்காட்டில் இருந்துகொண்டு அவர்கள் கண்ணை மூடிக் கண்ட வெளிநாடு பழனி, அது நாகூர், அது வேளாங்கண்ணி. போய்வரக் கப்பல் உண்டு. ரஜூலா 1973 வரை ஓடியது. பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு சரி. கப்பல் இருந்தது, கப்பல் கூலி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த ஊரில் ஒரு நாகூரும் ஒரு பழனியும் எழுந்தன.

சூலியா ஸ்திரீட்டில், கிங் ஸ்திரீட் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. அவசரமாக நடந்தால் கண்ணில் படாது; அவ்வளவு சிறியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களும் கப்பலாட்களும் எழுப்பியது. நாகூர் ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவிடம் மட்டும். அங்கே வானுயர்ந்த ஐந்து மினாராக்கள், இங்கே கையடக்கமான கட்டடம். எங்கள் பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று கும்பிட்டார். கடலில் வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் துணை என்று அவர் தாயார் சொல்வாராம். அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் ஆலயம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சூலை 26-ஐ ஒட்டி வரும் திருவிழாவுக்கு நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்குப் போவதுபோல் போகின்றன. மெழுகுவத்தி ஏந்திப் போகிறவர்களில் இந்துக்களும் உண்டு.

இனி, முடிப்பு.

பாட்டியின் தகப்பனாரை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போனார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர் உயிரோடு வந்தால் பழனிக்கு வந்து முடியிறக்குகிறேன் என்று மனைவி நேர்ந்துகொண்டு, கையில் இருந்த சில்லறையை மஞ்சள் துணியில் முடிந்து சாமி தட்டில் வைத்தார். 1945-இல் அவர் திரும்பிவந்தார், எலும்பும் தோலுமாக. இரண்டாண்டு கழித்துப் பிறந்தவர்தான் எங்கள் பாட்டி. பழனிக்குப் போக மட்டும் முடியவில்லை. இந்த மாதம், அடுத்த மாதம் என்று நாள் ஓடி அந்த அம்மாளும் கண்ணை மூடிவிட்டார். முடிப்பு மகளிடம் வந்தது.

இன்றைக்குத் திருச்சிக்கு விமானம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மருமகள் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். ஆனால் பாட்டியிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. தோட்டத்தில் பிறந்தவர், பிறப்புச் சான்று எடுத்துவைக்கவில்லை. நீல அட்டைக்கு எழுதிப் போட்டதெல்லாம் அப்படியே இருக்கின்றன. கடப்பிதழ் கிடையாது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் ஐம்பது ஆண்டு பால் வெட்டியவர் இந்த மண்ணை விட்டு ஒருநாள் வெளியே போய்வர முடியாது. இப்படிப்பட்ட பாட்டிகளும் தாத்தாக்களும் உங்கள் லயத்திலும் இருக்கக்கூடும்.

தண்ணீர்மலைக்குப் பாட்டி புதியவர் அல்லர். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு லாரியில் இரண்டு முறை வந்திருக்கிறார். காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் வந்த வெள்ளி இரதத்தைத் தெருவோரம் நின்று பார்த்திருக்கிறார். பினாங்கு ஸ்திரீட்டில் இருக்கும் நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து புறப்பட்டு, மலையடிவாரத்துத் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும் இரதம் அது. அப்போதெல்லாம் முடிப்பைக் கொண்டுவரவில்லை. அது பழனிக்குரியதாயிற்றே!

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்கே அடிவாரத்தில் நின்றோம். படிகள் ஐந்நூற்றுக்கு மேல். பழனியில் அறுநூறைத் தாண்டும் என்பார்கள். நாங்கள் கீழேயே கும்பிட்டுவிடலாம் என்றோம். "மேலே போகாம காச யாருகிட்ட குடுக்கறது?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். பேரன் தண்ணீர்ப் போத்தலோடு முன்னால் ஓடினான். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இப்போது மேலே இருக்கும் பெரிய கோயில் 2012-இல் குடமுழுக்குக் கண்டது. சன்னதியில் பாலதண்டாயுதபாணி, பழனியில் நிற்பவரைப் போலவே கையில் தண்டோடு.

திரும்பிப் பார்த்தால் ஊர் முழுவதும் தெரிகிறது. ஊருக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் எங்கள் கெடா. பாட்டி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கேட்டார்: "டீச்சரம்மா, இது பழனி ஆகுமா?"

ஆகும் என்று சொல்லிவிடுவது எளிது. நான் சொல்லவில்லை. "பழனி பழனிதான், பாட்டி. இது தண்ணீர்மலை. பழனிக்குப் போக முடியாதவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டது" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்து முடிப்பை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே பதினொரு காசு. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட மலாயாச் செம்புக் காசுகள், ஒன்றிரண்டு வெள்ளிக் காசுகள். எந்தக் கடையிலும் இன்று செல்லாது. பேத்தியிடம் எண்ணச் சொன்னார். இரண்டு முறை எண்ணவைத்தார். பிறகு ஒவ்வொன்றாக உண்டியலில் போட்டார். மஞ்சள் துணியை உதறி மடித்து மறுபடியும் சேலைக்குள் வைத்துக்கொண்டார். இறங்கும்போது மூட்டுவலியைப் பற்றி எல்லாரிடமும் முறையிட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று நாள் செலவுக்கு அந்தத் தாயார் அடகுக்கடைப் பக்கம் போகவேண்டியிருக்கவில்லை. போக நினைக்கிறவர்களுக்கு இரண்டொரு சொல். ஜார்ஜ்டவுனுக்குள் இலவச பஸ் ஓடுகிறது. கொடிமலைக்கும் ஆயர் ஈத்தாம் கோயிலுக்கும் படகுத்துறையிலிருந்தே 204-ஆம் எண் பஸ். கொடிமலைக் கட்டணம் குடிமக்களுக்குக் குறைவு, அடையாள அட்டையை மறக்கவேண்டாம். விடுமுறை நாளில் காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளும். தண்ணீர்மலைப் படிகளில் குரங்குகள் உண்டு. வாழைப்பழச் சீப்பைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினால் நீங்கள் மேலே போவீர்கள், பழம் போகாது.

தோட்டத்துக்குத் திரும்பியதும் பாட்டி லயத்து வீடுகளுக்கெல்லாம் திருநீறு பொட்டலம் கொடுத்தார். பக்கத்து வீட்டம்மாள், "பழனித் திருநீறா?" என்று கேட்டாராம். "இல்ல, தண்ணீர்மல" என்று சொல்லிவிட்டு, வருகிற தைப்பூசத்துக்கு யார் யார் வருகிறீர்கள், வேன் பேசவேண்டும் என்று அங்கேயே பெயர் கேட்கத் தொடங்கிவிட்டாராம்.